இத்தாலிக்காரன் பணம்

பெனின் நகரத்தில் இத்தாலிக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். ஓசாடோலோருக்கும் அங்கே ஓர் அண்ணன் இருக்கிறான். இருந்து என்ன பிரயோஜனம்? கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு யூரோ அனுப்பியதில்லை. அதனால்தான், போனில் போக்கர் ஆடும்போது 'கறுப்புக்குழம்பு' என்ற பெயரில் ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்ததும் ஓசாடோலோர் உடனே முடிவு கட்டிவிட்டான். பெயரோ நம் ஊர்ச் சாப்பாடு, காசையோ தண்ணீராக இறைக்கிறான், அப்படியானால் இத்தாலியில் இருப்பவன்தான். அண்ணன் அனுப்பாததை இவனாவது அனுப்பட்டுமே என்று சிரித்துக்கொண்டான். மனசாட்சிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அந்தக் கறுப்புக்குழம்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் ஓசாடோலோர் எப்போதோ ஓய்ந்திருப்பான். ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்ட சின்ன முதல் ஏற்கெனவே இரண்டு தடவை துடைத்துக்கொண்டு போயிருந்தது. மூன்றாவதாகப் போட்டதுதான் கடைசி என்று சத்தியம் செய்திருந்தான். கையிருப்பில் கொஞ்சத்துக்கு மேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதியும் வைத்திருந்தான். ஜெயிக்கும்போது அந்த விதி சமர்த்தாகக் கூடவே இருக்கும். தோற்க ஆரம்பித்தால் முதலில் எழுந்து வெளியே போவது அதுதான்.

ஆட்டத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'பாஸ்டர்'. கறுப்புக்குழம்பு ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு வீறாப்பாக ஏற்றுவான். பாஸ்டர் பொறுமையாகக் காத்திருந்து வாரிக்கொள்வான். அப்படியே மாதம் ஒன்று ஓடி, முதல் மூன்று மடங்காயிற்று.

பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. வீட்டுக்காரரின் வைஃபையைத்தான் வளாகத்தில் குடியிருக்கும் எல்லோரும் பங்குபோட்டுப் பயன்படுத்துகிறார்கள். கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும். ஓசாடோலோர் சட்டென்று தன் போன் டேட்டாவைப் போட்டு மேஜைக்குத் திரும்பினான். கறுப்புக்குழம்பின் இருக்கை மட்டும் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. பின்பக்கம் வீட்டுக்காரரின் ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. கறுப்புக்குழம்பின் இருக்கைக்கும் உயிர் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. "டேய் பாஸ்டரு! ஓடிராத, வந்துட்டேன்டா!"

நொசாகாரே. பக்கத்து வீட்டுக் குழந்தை இயோபோசாவின் அப்பா. எஞ்சின் செத்துப்போன டாக்சியை முற்றத்து மாமரத்தடியில் நிறுத்திவைத்துக்கொண்டு, தினமும் அதன் கண்ணாடியை மட்டும் துடைக்கிற மனிதர். அவர் மனைவி வாசலில் அக்காரா என்கிற பயற்று வடை சுட்டு விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. ஓசாடோலோருக்குத் தினமும் இரண்டு அக்காரா கூடுதலாக வைப்பாள். "தம்பி ஒண்டிக்கட்டை, நல்லா தின்னட்டும்" என்பாள். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதமாக யாருடைய வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்கத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இனி அந்த மேஜைப் பக்கமே போவதில்லை என்று வேறு மேஜைகளுக்குப் போனான். அங்கே ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பத்து நாளில் பாதிக் கையிருப்பைத் தின்றுவிட்டார்கள். பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது முதலும் போய்விட்டால் நான் எதற்குமே லாயக்கில்லாதவன் என்றாகிவிடும் என்று புழுங்கினான். வைஃபையை விட்டுவிட்டுச் சொந்த டேட்டாவில், கறுப்புக்குழம்பின் எதிரே மறுபடி போய் உட்கார்ந்தான். கரண்ட் போய்வரும்போது இரண்டு பேரும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால் அவருக்கும் தெரிந்துவிடுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் இயோபோசாவின் அம்மா முகமெல்லாம் பல்லாக நின்றாள். "தம்பி, சீட்டுப் பணம் விழுந்துருச்சு! நாளைக்கே போய் எஞ்சின் வாங்குறாரு. அப்புறம் பாரு, இந்த எண்ணெய்ச் சட்டிய நான் தொடவே மாட்டேன்."

மத்தியானம் கறுப்புக்குழம்பு என்றைக்கும் இல்லாத பெரிய மேஜையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு குவியல் காசு. 'பாஸ்டரு, தில்லு இருந்தா இங்க வா' என்று எழுதியும் இருந்தான்.

ஓசாடோலோருக்குப் புரிந்துவிட்டது. இது எஞ்சின் பணம். எவனோ முகம் தெரியாதவன் தின்பதற்குப் பதில் நானே எடுத்துவைத்து, எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவன் பாதி நம்பவும் செய்தான். கையிருப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அவன் கையில் இரண்டு ராஜா வந்தது. மேஜையில் ஒரு ராஜாவும் இரண்டு எட்டும் விழுந்தன. சேர்த்துப் பார்த்தால் மூன்று ராஜா, இரண்டு எட்டு. இதை வெல்ல வேண்டுமானால் எதிராளியின் கையில் மிச்ச இரண்டு எட்டும் இருக்க வேண்டும். அந்த மாதிரி எல்லாம் வாழ்க்கையில் நடக்காது. கறுப்புக்குழம்பு தன் குவியலில் பாதியைத் தள்ளினான். ஓசாடோலோரின் விரல் பழக்கத்தில் முந்திக்கொண்டு, இருந்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

"அது எஞ்சின் காசுதானே? என்னைப் பாத்துச் சொல்லு! அமுக்காத, அமுக்காதங்கறேன்!"

"கைய விடுடி! எங்கிட்ட என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது!"

"பாவி, புள்ளைய நெனச்சுப் பாரு!" அவள் அழ ஆரம்பித்தாள்.

என்னிடம் என்ன இருக்கிறது தெரியுமா என்றுதான் தோற்கிறவன் ஒவ்வொருவனும் சொல்கிறான். ஓசாடோலோரால் அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். அவன் கதவோரத்தில்தான் வளாகத்து மெயின் சுவிட்ச். அதைப் பிடித்துக் கீழே இழுத்தான். வைஃபை சாகும், அவரால் அமுக்க முடியாது, நேரம் முடிந்ததும் ஆட்டம் அவர் சீட்டைத் தானே தூக்கிப்போட்டுவிடும். இன்னும் தள்ளாத பாதியாவது பிழைக்கும்.

"எவன்டா லைட்ட நிறுத்துனது?" நொசாகாரே பனியனோடு பாய்ந்து வந்தார்.

"தீப்பொறி பறந்துச்சுண்ணே. பத்திக்குமோன்னு பயந்துட்டேன்."

"போடு! போடு! இல்ல, அந்த வைஃபை பெட்டி திரும்ப எந்திரிக்க நேரமாகும். தம்பி, உன் போன்ல டேட்டா இருக்கா? ஹாட்ஸ்பாட் போடு, சீக்கிரம்! இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு!" போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்க பாரு, நாலு எட்டு! நாலும் எட்டு! அந்தப் பாஸ்டர் நாய் எல்லாத்தையும் உள்ள வச்சிட்டான். எஞ்சின் மட்டுமில்ல, டயரும் சேத்து வாங்கிருவேன்!"

ஓசாடோலோர் பார்த்தான். திரையில் இரண்டு எட்டு, அவர் கையில் இரண்டு எட்டு.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. உள்ளே போன் சூடாக இருந்தது. அதைத் திறந்தால் அதே மேஜைதான் தெரியும், பாஸ்டரின் இருக்கையிலிருந்து. திரும்பி நின்றுகொண்டு போட்டிருக்கலாம். அவர் இருந்த பதற்றத்தில் பார்த்திருக்கவும் மாட்டார். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. போட்டால் போவது மூன்றாவது முதல் என்றும் தெரிந்தது.

"டேட்டா இல்லண்ணே" என்றான். "நேத்தே தீந்துருச்சு."

நொசாகாரே அடுத்த கதவைத் தட்ட ஓடினார். பாதி வழியிலேயே ஓசாடோலோரின் சட்டைப்பை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் தள்ளியிருந்த பாதிப் பணம் அவனுக்கு வந்துவிட்டது.

அவன் சுவிட்சை மேலே தள்ளினான். வளாகத்துப் பிள்ளைகள் எப்போதும்போல் "லைட்டு வந்துருச்சு!" என்று கூவினார்கள். நொசாகாரே மாமரத்தடியில் டாக்சியின் மேல் கையை ஊன்றிக் குனிந்து நின்றார்.

இயோபோசாவின் அம்மா இடுப்புத்துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடவுள்தான் உன் கையப் புடிச்சு இழுத்திருக்காரு தம்பி. பாதியாச்சும் மிஞ்சுச்சு. இல்லேன்னா அந்த மனுசன் எல்லாத்தையும் அந்தப் பாஸ்டருக்குக் குடுத்திருப்பாரு." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன் வேர்த்துக் கெடக்கு? சாப்பிட்டியா? இரு, சூடா கொண்டு வர்றேன்."

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற அவள் வாசலுக்குப் போனாள்.