கவிநிலாவின் ஆறு கம்பி

செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மேடையேறிய கவிநிலா, புதிதாக வாங்கிய பேஸ் கிதாரை உறையிலிருந்து எடுத்தாள். அவளுடைய இசைக்குழுவில் லீட் கிதார் வாசிக்கும் இளவரசனுக்கு முகம் சுருங்கிப்போனது. பாட்டுக்கு அடியில் கனமான சத்தம் கொடுக்கும் பேஸில் வழக்கமாக நான்கு கம்பிதான் இருக்கும். இதில் ஆறு இருந்தது.

"இன்னா கவி, எனக்கும் ஆறு, உனக்கும் ஆறா? அப்புறம் நான் எதுக்கு?"

"கனமா ஒண்ணு, சன்னமா ஒண்ணு ஜாஸ்தி, அவ்ளோதாண்ணா. உங்க வழிக்கு நான் வரவே மாட்டேன்."

மூன்றாவது பாட்டில் இளவரசன் தனியாக வாசிக்கவேண்டிய இடம் வந்தபோது, அவன் கிதாரை ஸ்பீக்கரோடு இணைக்கும் ஒயர் செத்துப்போனது. கூட்டமே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கவிநிலா யோசிக்கவில்லை, சன்னமான கம்பிகளுக்குத் தாவி அவன் பகுதியை அப்படியே வாசித்துவிட்டாள். இளவரசனும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, சத்தம் வராத கம்பிகளில் விரல்களை ஓடவிட்டான்.

பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா மேடையேறி இளவரசனுக்குச் சால்வை போர்த்தினார். "சூப்பரா வாசிச்சீங்க தம்பி! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

இளவரசன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். சால்வை போனதில் கவிநிலாவுக்கு வருத்தமில்லை. அவ்வளவு நேரம் பேஸே இல்லாமல் பாட்டு ஓடியதை மண்டபத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையே என்றுதான் இருந்தது.

பந்தியில் இளவரசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கு வைத்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

"வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர் கச்சேரில அந்த எடத்தை நீயே வாசிச்சுடு கவி" என்றான் மெதுவாக. "எனக்கு ஆக்டிங் நல்லா வருது."