தெருமுனையில் அழுத்திய பொத்தான்

ஆம்புலன்ஸின் முன்பக்கத் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. நோயாளியின் வாசலில் இறங்கும்போது அதை அழுத்த வேண்டும்; வண்டி சேர்ந்துவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறையில் பச்சை விழும். ஆனால் யாரும் வாசல்வரை காத்திருப்பதில்லை. எந்த அழைப்பானாலும் இத்தனை நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேரும் என்று சுகாதார அமைச்சர் மேடையில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டியும் கூட்டவில்லை, ஆளும் கூட்டவில்லை. அவர் வாக்கைக் காப்பாற்ற இவர்களுக்கு இருந்த ஒரே வழி, தெருமுனை கண்ணில் பட்டதும் பொத்தானை அழுத்திவிடுவது.

“அவரு வாயைத் திறந்தாரு, நம்ம டயர் தேயுது,” என்பார் ஓட்டுநர். ஆமைபோல ஓட்டுவதால் அவருக்கு ராக்கெட் என்று பெயர்.

மருத்துவ உதவியாளரான அவளுக்கு அரசியல் பேச்சே பிடிக்காது. வீட்டில் கணவர் செய்தி பார்த்தபடி எல்லாக் கட்சிகளையும் கிழித்துத் தொங்கவிடுவார். “யாரு வந்தாலும் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிப்பாங்க, உள்ள இருக்கிற ஸ்ட்ரெச்சர் அதே ஓட்டை ஸ்ட்ரெச்சர்தான்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அரசியல் என்பது வேறு யாரோ, வேறெங்கோ செய்வது என்று அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

அன்று மதியம் ஒரு தையல்காரர் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. வீட்டில் மனைவி மட்டும். பெரிய சாலையிலிருந்து அந்தத் தெரு பிரியும் இடம் தெரிந்தபோது, ராக்கெட்டின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“தங்கச்சி, அமுக்கிடு. நேரம் முடியப் போகுது.”

அவள் அமுக்கினாள். இதை யோசித்துச் செய்த காலம் எப்போதோ போய்விட்டது.

திரும்பியதும் வண்டி நின்றது. குழாய் பதிக்கத் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே வந்து கிடந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். “தெருவுக்குள்ள போக முடியலம்மா. பின்பக்கமா வேற வண்டி ஏதாவது வருமா?”

“என்னக்கா சொல்றீங்க? நீங்க சேர்ந்துட்டதா காட்டுதே,” என்றாள் அங்கிருந்த பெண். “மார்க்கெட்கிட்ட நிக்கிற ஆம்புலன்ஸ் பின்பக்கமாத்தான் வந்துட்டு இருந்துச்சு. இப்பத்தான் வேற ஒரு விபத்துக்குத் திருப்பி விட்டேன்.” பிறகு அவள் குரல் இறங்கியது. “அக்கா, அந்தம்மாவுக்கு நெஞ்சை எப்படி அமுக்கணும்னு போன்ல சொல்லிட்டே இருந்தேன். நல்லாத்தான் அமுக்கிட்டு இருந்தாங்க. பச்சை விழுந்ததும், வந்துட்டாங்கம்மா, போய்க் கதவைத் திறங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.”

உதவியாளர் கதவைத் திறந்து குதித்தாள். பையையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு, பள்ளத்தின்மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையைத் தாண்டி ஓடினாள். ஓடும்போது அமைச்சரைத் திட்டலாம் என்று பார்த்தாள். அழுத்திய விரல் தன்னுடையது என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது.

வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள், ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி.

“வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்து நிக்கிறேன்.”

தையல்காரர் தரையில் கிடந்தார். மெஷின் ஊசிக்குக் கீழே ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி நின்றிருந்தது. அவர் கழுத்தில் இருந்த அளவு நாடாவை உருவிப் போட்டுவிட்டு, அவள் அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினாள். மூச்சிரைக்க வந்த ராக்கெட் கருவியின் ஒட்டுத் தகடுகளை ஒட்டினார். கருவி தன் வறண்ட குரலில் மின்னதிர்ச்சி தேவையில்லை என்றது.

“தேவையில்லைன்னா நல்லதுதானே?” என்றாள் அந்த அம்மா.

அதிர்ச்சி கொடுத்தாலும் பயனில்லை என்பதுதான் அதன் பொருள். கருவியின் திரையில் கோடு நெளியாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றி மாற்றி அழுத்தினார்கள். தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. கடைசியில், அவர்கள் போனில் கூப்பிட்டிருந்த டாக்டர், “போதும், நிறுத்திடுங்க,” என்றார்.

அந்த அம்மா கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“நான் கையை எடுத்தது தப்புதானே?”

“இல்லம்மா.” வேறு எந்த வீடாக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பாள். ராக்கெட் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலை லேசாக அசைந்தது. வேலை போனால் அவருக்கும் சேர்த்துத்தான் போகும். ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள். “நாங்க தெருமுனையில இருக்கும்போதே வந்துட்டோம்னு பொத்தானை அமுக்கிட்டோம்மா. அதைப் பாத்துத்தான் அவங்க போனை வெச்சாங்க. தப்பு எங்க மேலதான்.”

கன்னத்தில் ஒரு அறை, ஒரு சாபம், ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தாள். அந்த அம்மா வியர்வையில் நனைந்திருந்த அவள் கையைத் தடவினாள்.

“நீ ஓடி வந்ததைத்தான் நான் பாத்தேனே. அந்தப் பள்ளத்தைத் தாண்டி எப்படி ஓடி வந்தே.”

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

கேட்கவில்லை. அந்த அம்மாவின் பார்வை வாசற்கதவின்மேல் இருந்தது.

“தாழ்ப்பாள்கூடப் போடலம்மா. சும்மா சாத்தித்தான் வெச்சிருந்தேன். தள்ளினா திறந்திருக்கும். நான் எதுக்கு எழுந்து போனேன்?”