உள்ளேயிருந்து பார்த்தால் இடது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

கேட்டவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது, ஸ்குரூ இறுக்குவது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காம்பை வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கடையில் அவளை ‘லென்ஸக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார், இத்தனைக்கும் அவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

என் கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

“சார், வீட்டுல ஒரு ஜன்னல் மாத்தணும். திரும்ப மரத்துலயே போடலாமா, இல்ல பிளாஸ்டிக் மாதிரி வருதே, இந்த யூபிவிசி, அது போடலாமா? நீங்க எழுதறவரு, நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும்.”

“யூபிவிசி போட்டுடுங்க. தொல்லை விட்டுச்சு.”

“ஒரு ஆளே மூடிடலாமாம் சார். ஒரு விரல் போதுமாம்.”

“அப்புறம் என்ன யோசனை?”

“அதான்...” என்று இழுத்தாள். கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, ஓரடி தள்ளி நின்று பார்த்து, “இப்ப சரியா இருக்கா?” என்றாள்.

அந்த ‘அதான்’ எதைச் சொல்ல வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடியின் மூக்குத் தாங்கி உடைந்துபோய் மறுபடி போனபோது, “நீங்க சொன்னீங்கன்னுதான் சார் ஆர்டர் குடுத்தேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் குறையாகக் கேட்டது. (தெரியாத விஷயத்தில் எனக்கு இருக்கும் துணிச்சலை என் மனைவி நன்றாக அறிவாள். அதனால் அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை.)

2

தொடக்கம் ஒன்று: ‘மழை வரப்போவது அந்த ஜன்னலுக்குத்தான் முதலில் தெரியும்.’

நன்றாக இருக்கிறதல்லவா? அதனாலேயே அடித்துவிட்டேன். ஜன்னலுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, அவ்வளவுதான் விஷயம்.

தொடக்கம் இரண்டு: ‘கணவர் இறந்த பிறகு அந்த அறையில் அவள்...’

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே சாவைக் காட்டி வாசகரின் கையைப் பிடித்து இழுக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் பொறுத்துச் செய்கிறேன்.

தொடக்கம் மூன்று: ‘லென்ஸக்காவின் படுக்கையறையில் ஒரு மர ஜன்னல் இருந்தது. அதை மூட இரண்டு பேர் வேண்டும்.’

இது இருக்கட்டும். அலங்காரம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை.

அது ஒற்றைக் கதவு ஜன்னல். வெளியே சந்துப் பக்கமாகத் திறக்கும். வெயில் காலத்தில் சாதுவாக இருக்கும். மழை பிடித்துவிட்டால் உப்பி, மேல் மூலை சட்டத்தில் இடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். உள்ளேயிருந்து ஒருவர் கைப்பிடியை இழுக்க, வெளியே சந்தில் நின்று இன்னொருவர் மேல் மூலையை உள்ளங்கையால் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் மூடும். பத்தொன்பது வருடம் வெளியே போய்த் தள்ளியவர் அவள் கணவர். லாரி ஓட்டியவர். மழையில் நனைந்துகொண்டே ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

“இழுத்தியா?”

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க தள்ளுங்க!”

“தள்ளாம இங்க நின்னு குளிக்கிறனா?”

பிறகு டப்பென்று மூடும். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்து, இந்த வீட்டில் உழைக்கிறவன் ஒருத்தன்தான் என்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். (சொன்னேனே, கொஞ்சம் பொறுத்துச் செய்கிறேன் என்று.)

3

இந்த இடத்தில் மரத்தையும் யூபிவிசியையும் நான் நியாயமாக ஒப்பிட்டாக வேண்டும். அவள் கேட்டது அதைத்தான். சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, இப்போதாவது சொல்கிறேன்.

முதலில் தச்சர் வந்தார். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், மேல் மூலையைத் தடவிப் பார்த்தார்.

“சீவிவிட்டா சல்லுனு மூடும்மா. ஆனா ஒண்ணு, வெயில் வந்தா மரம் சுருங்கும். அப்ப இடுக்குல காத்து வரும். மழைக்குச் சரி பண்ணா வெயிலுக்குத் தப்பாப் போகும்.”

“புது மரத்துல போட்டா?”

“புது மரமும் மரம்தானேம்மா.”

இவ்வளவு நேர்மையாகப் பேசி எப்படித் தொழில் நடத்துகிறாரோ! அடுத்து யூபிவிசி கம்பெனியிலிருந்து அளவெடுப்பவர் வந்தார். அவரும் நல்ல மனிதர்தான். (இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை, என்னைத் தவிர.)

“உப்பாது, சுருங்காது, கரையான் தொடாது, பெயிண்ட் வேண்டாம். சுத்தி ரப்பர் பட்டை இருக்கு, தெருச் சத்தம்கூட உள்ள வராது. ஒரு விரல் போதும்மா. தனியா இருக்கிறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. ‘தனியா இருக்கிறவங்க’ என்று அதுவரை யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. துக்கம் விசாரித்தவர்கள்கூட ‘நாங்க எல்லாரும் இருக்கோம்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

தங்கை போனில் கேட்டாள். “அக்கா, இன்னுமா அந்த ஓட்டை ஜன்னலோட மல்லுக்கட்டற? பிளாஸ்டிக் போட்டுடு, நிம்மதி.”

“நீ மட்டும் தேக்குக் கட்டில்ல படுத்துக்கோ.”

“பேச்ச மாத்தாத. மழையில படுக்கை நனையுதா இல்லையா?”

நனைகிறதுதான். தலையணைப் பக்கம். அவளுக்குத் தோள்வலி வேறு. தங்கை சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.*

* அடிக்குறிப்பு மாதிரி: யூபிவிசியின் ஒரே குறை, அதைச் சீவ முடியாது என்பது. தவறாக வந்தால் வந்ததுதான். இது பின்னால் தேவைப்படும்.

4

மழை வலுத்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுத் தையற்காரர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார்.

“நான் தள்றேன், நீங்க இழுங்க!”

டப். ஜன்னல் மூடியது. அவள் வாசலுக்குப் போய்த் துண்டை நீட்டினாள். “நனைஞ்சிட்டீங்களே” என்றாள். அவர் டேப்பைப் பிழிந்தார். இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும்...

நிறுத்திக்கொள்கிறேன். இந்நேரம் நீங்கள் இரண்டு பேருக்கும் மனதுக்குள் முடிச்சுப் போட்டிருப்பீர்கள். நானும்தான். இப்படி ஒருவர் இருந்தால் கதை எவ்வளவு சுலபம் பாருங்கள்! மர ஜன்னலை வைத்துக்கொள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், மழைக்கு மழை ஒரு மனிதர் வருவாரே.

ஆனால் தையற்காரர் யாரும் இல்லை. எதிரே இருப்பது ஒரு கிடங்கின் பின்சுவர், அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அவள் தனியாக இழுப்பதை எழுத முடியாமல் நான்தான் ஒரு ஆளைக் கொண்டுவந்து ஒட்டினேன். அவரை இப்போது எடுத்துவிடுகிறேன். துண்டை அவள் மடித்து வைத்துவிடட்டும்.

5

இது அவள் சொன்னது. இதில் என் சரக்கு எதுவும் இல்லை.

ஆர்டருக்காக அளவெடுத்த அன்று, அளவெடுப்பவர் சந்தில் நின்றிருந்தார், அவள் அறைக்குள் நின்றிருந்தாள். ஜன்னலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக. “கைப்பிடி எந்தப் பக்கம்மா வேணும்?” என்று கேட்டார். “இப்ப இருக்கிற மாதிரியே, இடது” என்றாள். அவர் ‘இடது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

புது ஜன்னல் வெள்ளைவெளேர் என்று வந்து இறங்கியது, அளவெடுத்தவரும் கூடவே வந்தார். பழையதைக் கழற்றும் முன் சட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. அப்படி மாட்டினால் கதவு பாதி திறக்கும் முன்பே சுவரில் இறங்கும் தண்ணீர்க் குழாயில் இடிக்கும்.

“இடதுன்னுதானே சொன்னீங்க?”

“இடதுன்னுதான் சொன்னேன். இது வலது.”

“வெளிய வந்து பாருங்கம்மா.”

போய்ப் பார்த்தாள். இடதாகத்தான் இருந்தது.

“நீங்க உள்ள வாங்க.”

வந்து பார்த்தார். “அட, ஆமா” என்று தலையைச் சொறிந்தார். “எங்க தொழில்ல ஜன்னல வெளிய இருந்து பார்த்துத்தாம்மா எழுதுவோம்.”

“எங்க தொழில்ல வலது கண்ணுன்னா, போட்டிருக்கிறவங்களோட வலது. எதிர்ல நிக்கிற எங்களுக்கு அது இடதா இருக்கும். இருபது வருஷமா அப்படித்தான் எழுதறேன்.”

“அது கண்ணாடிம்மா. ஜன்னல யாரு போட்டுக்கிறா?”

“நான்தான்” என்றாள்.

அவர் ஜன்னலை வண்டியில் திருப்பி ஏற்றினார். கம்பெனியிலிருந்து போன் வந்தது: புதிதாகச் செய்து தருகிறோம், அல்லது வேண்டாம் என்றால் ஆர்டரையே விட்டுவிடுகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். மூக்குத் தாங்கியை மாற்றிக்கொண்டே இதையெல்லாம் சொன்னவள், கடைசியில் மறுபடியும் என்னிடமே கேட்டாள்.

“என்ன சார் சொல்லட்டும்?”

இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “யோசிச்சு வியாழக்கிழமை வந்து சொல்றேன்” என்றேன். அந்த யோசனைதான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. இன்று புதன்.

6

ஒன்றை மட்டும் கேட்டேன், போன தடவையே கேட்டிருக்க வேண்டியது. “இப்ப மழை வந்தா எப்படி மூடறீங்க?”

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததைச் சொன்னாள்.

மழை அடித்தது. உள்ளேயிருந்து இழுத்தாள், வரவில்லை. வெளியே ஓடிப்போய்த் தள்ளினாள், கொஞ்சம் நகர்ந்தது. இழுப்பதற்காக உள்ளே ஓடிவருவதற்குள் மறுபடி திறந்துகொண்டது. இப்படி மூன்று முறை வாசலுக்கும் ஜன்னலுக்குமாக ஓடினாள். பிறகு துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் விறைப்பாகக் கட்டினாள். அவள் செய்யும் வேலையைக் கயிறு பார்த்துக்கொள்ளும், கணவர் செய்த வேலையை அவள் பார்த்துக்கொள்வாள் என்று கணக்கு.

மேல் மூலையில் ஒரு இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அவர் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம். அவளுக்கு எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, அந்த இடத்திலேயே கையை வைத்துத் தள்ளினாள்.

“அப்ப என் வாயில தானா வந்துடுச்சு சார். ‘இழுத்தியா?’ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு, பதில் வரும்னு நின்னுட்டு இருக்கேன், மழையில, பைத்தியக்காரி மாதிரி. சிரிப்பு வந்துடுச்சு.”

சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சின்ன ஸ்குரூவை இறுக்கிக்கொண்டிருந்தாள். “அந்த ஜன்னல் போச்சுன்னா, வீட்டுல ரெண்டு பேர் செய்யற வேலைன்னு ஒண்ணுகூட மிஞ்சாது சார். அதான்” என்றாள்.

அந்த ‘அதான்’ எனக்குக் கிடைக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை இவை:

யூபிவிசி வருகிறது, இடது பக்கக் கைப்பிடியோடு. படுக்கை நனையவில்லை. முதல் மழையில் ஒரு விரலால் மூடுகிறாள். பிறகு திறந்து, மறுபடி மூடுகிறாள். சண்டை போட ஆள் இல்லாமல்... (முடிக்கவில்லை.)

தச்சர் வந்து சீவிவிட்டுப் போகிறார். வெயில் காலத்தில் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது. அவள் அதில் துணியைச் செருகிக்கொண்டு... (இதையும்.)

மழை பெய்யும்போதெல்லாம் நானே போய்த் தள்ளுகிறேன். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “போய்த்தான் பாரேன்” என்றாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் நீங்களும் அந்த முடிவை அடித்துவிட்டிருப்பீர்கள்.

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. நாளைக்கு அவளிடம் போய் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. தோள்வலிக்கு ஒரு பதிலும் அந்தத் தேய்ந்த இடத்துக்கு வேறு பதிலும் இருக்கிறது. ஜன்னல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமையில் அவளை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். சந்தில், கவிழ்த்த வாளியின்மேல், மேல் மூலையில் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறாள். அறைக்குள் கட்டில் இருக்கிறது, நனைந்த தலையணை இருக்கிறது, விறைத்த கயிறு இருக்கிறது. எழுதியவன் நான், என்னால் உள்ளே வர முடியாது. நீங்கள் ஆறு பகுதிகளையும் கடந்து வந்திருக்கிறீர்கள், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான் நிற்கிறீர்கள்.

கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு இடது. மரமா யூபிவிசியா என்பதை வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

“இழுத்தியா?” என்று கேட்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். நனைகிறாள்.