இரவல் சளி

பொழுது சரியாகப் புலரவில்லை. அதற்குள் கிழிப்புக் கொட்டகையில் பழந்துணி மூட்டைகள் அவிழ்ந்து மலையாகக் கிடந்தன. தூணில் செருகிய பிளேடுக்கு முன்னால் குந்தியிருந்தாள் பொத்தான்காரி. ஒரு சட்டையை எடுத்தாள், பிளேடில் ஒரு இழுப்பு. பொத்தான்கள் சடசடவென்று தகர டப்பாவில் தெறித்தன. அடுத்த சட்டை. ஊர் பேர் தெரியாதவர்கள் உடுத்திக் கழித்த துணி. பழைய வியர்வையும் பூச்சி உருண்டையும் கலந்த நாற்றம். பொத்தானும் ஜிப்பும் போன துணியை அவள் கூடையில் எறிய, அவளுடைய தங்கை அதை அள்ளிக் கிழிப்பு இயந்திரத்தின் வாயில் திணித்தாள். அந்தப் பக்கம் பஞ்சாக வந்து விழுந்தது. மெத்தைக்குப் போகிற பஞ்சு.

எல்லாப் பஞ்சும் மெத்தைக்குப் போய்விடுமா? கொஞ்சம் கண் இமையில் ஒட்டும். மீதி நெஞ்சுக்குள் இறங்கும். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளச் சுவரில் ஒரு பெரிய விசிறி இருக்கத்தான் இருந்தது. கரண்டு பில் எகிறுகிறது என்று முதலாளி அதை நிறுத்தி வைத்திருந்தார். சோதனைக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் அது சுற்றும்.

அந்தக் கொட்டகையில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. இயந்திரம் ஓடும்போது எவ்வளவு வேண்டுமானாலும் இருமலாம். நின்றுவிட்டால் இருமக்கூடாது. மேஸ்திரி காதில் இருமல் விழுந்தால், மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் துணி சிக்கி இயந்திரம் நிற்கும்போதெல்லாம் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் கட்டும். ஆனாலும் ஒரு சத்தம் வராது.

தங்கைக்குத்தான் இப்போதெல்லாம் அது முடியவில்லை. தோள் குலுங்கியது. "அடக்குடி" என்று கண்ணாலேயே அதட்டினாள் பொத்தான்காரி. தங்கை துணிக்குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை கம்பெனி ஆளுக்கொரு டப்பா கொடுத்துச் சளியைச் சோதிக்கும். சொந்தச் சளியைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வியாதி என்று வந்தால் வேலையும் போய்விடும், கம்பெனி லைனில் இருக்கும் வீடும் போய்விடும். அதற்குத்தான் வள்ளல் இருந்தார்.

வள்ளல் பொதி தூக்குகிறவர். ஓயாமல் புகைக்கிற மனிதர். காலையில் தொண்டையைச் செருமினால் சளி தாராளமாக வரும். ஆனால் எத்தனை சோதனை வந்தாலும் அவர் சளியில் கிருமி இருந்ததில்லை. சோதனை நாளில் குளியலறைக்குப் பின்னால் டப்பாக்களோடு வரிசை கட்டுவார்கள்.

"அண்ணே, போனவாட்டி தண்ணியா இருக்குன்னு திட்டிட்டாங்க. எனக்குக் கொஞ்சம் கெட்டியா கொடுண்ணே."

"இது என்ன பால் பூத்தா? வந்ததை வாங்கிட்டு நகருங்கம்மா!"

சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அக்காவும் தங்கையும் வாங்கினார்கள். கொட்டகையில் பாதிப்பேர் வாங்கினார்கள்.

இந்தத் தடவை முடிவு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வள்ளலின் நெஞ்சில் கிருமி குடியேறிவிட்டிருந்தது. அவருடைய சளியை வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் காசநோய் என்று வந்துவிட்டது.

முதலாளி வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நாளையிலிருந்து நீங்க யாரும் வரவேணாம். வீட்டையும் காலி பண்ணிடுங்க."

"ஐயா, இதெல்லாம் எங்க..." என்று வாயெடுத்தார் வள்ளல். பக்கத்தில் நின்றவன் அவர் கையை அழுத்தினான். ஏமாற்றினோம் என்று சொன்னாலும் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

யாருக்கு உண்மையாகவே வியாதி என்பது அவர்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பொத்தான்காரி கிளம்பினாள். தங்கையை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வள்ளலும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அங்கேயும் டப்பாதான் கொடுத்தார்கள். தங்கை முக்கி முக்கிப் பார்த்தாள். வந்ததெல்லாம் வெறும் எச்சில். எத்தனையோ காலமாக அடக்கி அடக்கிப் பழகிய நெஞ்சு, கேட்கிறபோது கொடுக்க மறந்துபோயிருந்தது.

"பரவாயில்ல, விரலை நீட்டு" என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண். "ரத்தத்துல பாக்கற முறை ஒண்ணு இங்க சோதிச்சுப் பாத்துட்டிருக்கோம். இஷ்டம் இருந்தா மட்டும் கொடு."

"ரத்தத்துல சளி இருக்குமா?"

"சளி இல்ல. உடம்புல ஜீன்னு நிறைய இருக்கு. எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. காசநோய்க் கிருமி ஆட்டம் போட ஆரம்பிச்சா சில ஜீன் மும்முரமா வேலை செய்யும், சிலது அடங்கிடும். எது ஓடுது, எது நிக்குதுன்னு அளந்து பாப்போம்."

பொத்தான்காரி குறுக்கிட்டாள். "எங்க கொட்டகையில விசிறி ஓடினா, அதிகாரி வந்திருக்கார்னு கண்ணால பாக்காமலே சொல்லிடுவோம். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா வேற காய்ச்சலுக்கும் சில நேரம் விசிறி ஓடும். அதனால இதை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டோம். எக்ஸ்ரேயும் பாக்கணும்."

"இதுக்கு இரவல் வாங்க முடியாதாம்மா?" என்றாள் தங்கை, ஈனக்குரலில்.

"உன் விரல்ல உன் ரத்தம்தானே வரும்?"

பொத்தான்காரிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சீட்டு கொடுத்தார். வரிசையில் நின்றவர்களில் பலருக்கும் அப்படித்தான். வள்ளலுக்கும் தங்கைக்கும் ஜீன்கள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேயில் தங்கையின் வலது நெஞ்சின் மேல்பகுதி வெள்ளையாகப் புகைந்து கிடந்தது.

"குணமாகிற வியாதிதான்" என்றார் டாக்டர். "மாத்திரை இலவசம். மாசக்கணக்குல சாப்பிடணும், நடுவுல விட்டுடக் கூடாது. நல்லா சாப்பிடணும். காத்து வர்ற ரூம்ல இருக்கணும்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்த வீட்டுக்கு ஜன்னலே கிடையாது. அந்த வீடும் இப்போது கையைவிட்டுப் போகிறது. வியாதிக்குப் பேர் தெரிந்துவிட்டது, மருந்தும் கைக்கு வந்துவிட்டது. அதைத் தின்று முடிக்க ஒரு கூரைதான் இல்லை.

ரத்தச் சோதனைச் சேதி முதலாளி காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் விடிகாலையில், வேலை கேட்டு நின்றவர்களைப் பார்க்க அவரே கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். முகத்தில் பரம திருப்தி.

"நல்லதாப் போச்சு. ரத்தம் சுத்தம்னு டாக்டர் சீட்டு காட்டறவங்க உள்ள வரலாம். இனிமே எல்லாருக்கும் இதான் சோதனை. மத்தவங்க சாமானைக் கட்டுங்க."

இடுப்பில் சொருகியிருந்த சீட்டைப் பொத்தான்காரியின் கை தானாகத் தொட்டது.

"போக்கா" என்றாள் தங்கை. "நீயாவது போ."

"நான் வேலைக்கு வந்தா, இவ வீட்டுல இருக்கலாமாங்க?"

"என் கட்டடத்துல வியாதிக்காரி இருக்கக் கூடாது. உனக்கு வேலை வேணுமா, தங்கச்சி வேணுமா?"

வள்ளலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஐயா, எல்லா டப்பாவும் என் சளிதான். தப்பு என்னோடது. என்னை மட்டும் அனுப்பிடுங்க."

"ஓ! ஏமாத்து வேலை வேறயா? யாரெல்லாம் கூட்டு?"

"விசிறி கூட்டு" என்றாள் பொத்தான்காரி.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. "அதிகாரி வந்தா மட்டும் விசிறியைச் சுத்த விடறது ஏமாத்து இல்லையா? இருமினா வேலை போகும்னு பயமுறுத்தினீங்க. பயத்துல வியாதியை உள்ளயே வெச்சுப் பூட்டினோம். அதுதான் இவளைத் தின்னுது."

"வாய் நீளுது. சீட்டு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. காட்ட மாட்டேன்."

"என்னது?"

"எங்க ரத்தத்துல என்ன ஓடுதுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா போதும்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி, வெளியே எடுத்த சீட்டை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒருவன் சட்டைப் பைக்குள் தள்ளினான். ஒரே ஒருவன் தயங்கித் தயங்கித் தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். அவனை யாரும் ஏசவில்லை. அவன் வீட்டில் கைக்குழந்தை.

"வெளியில ஆளுக்கா பஞ்சம்?" என்று முதலாளி கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே துணி சிக்கி இயந்திரம் நின்றது.

சட்டென்று ஒரு நிசப்தம். பழைய வழக்கப்படி உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். வாசலில் தங்கையின் தோள் குலுங்கத் தொடங்கியது. வழக்கம்போல் அக்காவின் கண்ணைப் பார்த்தாள். அக்கா தன் முந்தானையை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

"வாயை மூடிக்கோ. ஆனா அடக்காதடி. நல்லா இருமு."

தங்கை இருமினாள். அடிவயிற்றிலிருந்து, கொட்டகைச் சுவரில் மோதித் திரும்புகிற இருமல். ஓய்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். இன்னொரு மூலையில் இன்னொருவர். "யாரு அது?" என்ற மேஸ்திரியின் அதட்டலுக்கு மேல் மூன்றாவது இருமல் எழுந்தது.

பிளேடுகளை விட்டுவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். இதுவரை எந்தச் சோதனையிலும் மாட்டாதவர்கள். தலை குனிந்து உள்ளே போனவனும் அவர்களோடு வந்தான்.

"எங்கம்மா ரத்தம் எடுக்கறாங்க?" என்றாள் ஒரு கிழவி. "நாங்களும் வர்றோம்."

"சீட்டு?" என்று கேட்டாள் பொத்தான்காரி.

"வாங்குவோம். காட்ட மாட்டோம்."

முதலாளி போனைக் காதில் வைத்தபடி யாரிடமோ ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். புது ஆட்கள் வரலாம். சாயங்காலம் வீடுகளுக்குப் பூட்டு விழலாம். இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆனாலும் நடந்தார்கள். தெரு நெடுக, வாயைத் துணியால் மூடிக்கொண்டு, அடக்காமல் இருமிக்கொண்டு.