மூடி திறந்திருக்கும்போது பேசக் கூடாது

மைசூர் ஹெப்பாளில், ஊதுபத்தி கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. போலீஸ்காரர்கள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். காரணம், அங்கே வளர்வது புத்தியை மயக்கும் காட்டுக் காளான்களின் இழைகள். காளானாகத் தலைதூக்க விடுவதில்லை, அதற்கு அனுமதியும் இல்லை. தட்டில் ஊற்றிய அகார் என்ற கடற்பாசிக் கூழின் மேல் வெள்ளை இழையாகப் படரவிட்டு, அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எது எந்தக் காட்டுக்காரன், எதற்கு எது உறவு என்று ஆராய்வதோடு சரி. போதைக்கு ஆசைப்பட்டு அங்கே திருட வருகிறவன் ஏமாந்துதான் போவான்.

தட்டுகளை உயிரோடு வைத்திருப்பது ஜோதிமணியின் வேலை. இழை தட்டை மூடும் முன்பே அதன் ஓரத்தில் கடுகளவு வெட்டிப் புதுத் தட்டில் நடுவாள். புதுசு பிடித்துக்கொண்டதும் பழைய தட்டை ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிடுவாள். இப்படியே தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே போனால் இழைக்குச் சாவு கிடையாது.

காட்டிலிருந்து யார் எடுத்து வந்தாரோ அவர் பெயரைத்தான் அந்த இழைக்கும் வைப்பார்கள். விஜய்குமார் எடுத்து வந்ததெல்லாம் விகே. "விகே-பதினொண்ணு மந்தமா இருக்கான்", "விகே-பதினாலு நல்லா ஓடறான்" என்று கூடத்தில் பேச்சு ஓடும்போது, விஜய்குமார் பக்கத்திலேயே டீ கிளாசோடு நின்று சிரிப்பான். ஜோதிமணியின் கணவன் அவன்.

விகே-பத்தொன்பதுதான் அவன் கடைசியாக எடுத்தது. கோபிநத்தம் பக்கம் யானை லத்தி மேல் முளைத்திருந்ததைப் பறித்துக்கொண்டு பைக்கில் திரும்பும்போது, மாதேஸ்வரன் மலை வளைவில் லாரி அடித்துவிட்டது. ஹெல்மெட் நசுங்கிப் போயிற்று. பின்சீட்டில் கட்டியிருந்த டப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கொள்ளேகால் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் அதை ஜோதிமணியின் கையில் கொடுத்தார். திறந்தாள். மெழுகுத்தாளுக்குள் நாலைந்து காளான்கள், காம்பெல்லாம் நீலம். அந்த ஜாதிக் காளான் விரல் பட்டால் கன்றிப்போகும். அது அவன் விரல் பட்ட நீலம்.

பறித்த காளான் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. உடலைக் கொடுக்க மறுநாள் ஆகும் என்றார்கள். ஜோதிமணி மைசூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். "புருசன் பொணவறையில கெடக்கறான், இவ நாய்க்குடை நடப் போறா பாரு" என்று மாமியார் நாச்சம்மாள் மண்ணை வாரித் தூற்றியது பஸ் வரைக்கும் கேட்டது. ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சுத்தமான காற்று வீசும் ஹூட் என்ற பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் தட்டைத் திறப்பார்கள். மூடி திறந்திருக்கும்போது பேசக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். மனுஷன் வாயில் குடியிருக்கிற கிருமிகளுக்குக் கணக்கில்லை. அன்றைக்கு ஜோதிமணி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நட்டாள். விகே-பத்தொன்பது பிழைத்துக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது யாரும் "ஓடறான்" என்று சொல்லவில்லை. கூடத்தின் தலைவர் ஜகதீசன்கூட, "பத்தொம்பது எப்படி இருக்கு, அது வளருதா?" என்று கேட்டார். நல்ல மனுஷர்தான். ரயில்வேக்காரர் மகன், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். அவளை நோகடிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பேசினார். ஆனால் அந்த "அது" அவளுக்கு முள்ளாகத் தைத்தது.

அன்று தட்டைத் திறந்ததும் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "ஏனுங்க, உங்களைப் போயி 'அது'ங்கறாங்க" என்றாள்.

அடுத்த முறை பார்த்தபோது வெள்ளை இழைக்கு நடுவில் பால்நிறத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

அது என்னவென்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜோதிமணிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அதை மைக்ராஸ்கோப் பக்கம் கொண்டுபோகவில்லை. பேசினோம், கேட்டுக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டாள். துக்கத்துக்கு முன்னால் எம்.எஸ்ஸி. எந்த மூலைக்கு?

அப்புறம் வழக்கமாகிவிட்டது. வீடு மாற்றியதைச் சொன்னாள், புள்ளி வந்தது. அவன் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொன்னாள், வந்தது. ஒருமுறை பக்கத்தில் ஆள் இருந்ததால் வாய் திறக்காமல் நட்டாள். அந்தத் தட்டில் ஒரு புள்ளி இல்லை. வெள்ளை வெளேரென்று, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்போல இருந்தது. அவளுக்கு அதைப் பிடிக்கவில்லை. அதை அவித்துவிட்டு, புள்ளியிருந்த பழைய தட்டிலிருந்தே அடுத்ததை நட்டாள்.

போன மழைக்காலத்தில் சொந்த ஊரான அனூரிலிருந்து அவள் அண்ணன் சந்தோஷ்குமார் போன் செய்தான். "ஒரு நல்ல எடம் வந்திருக்குது கண்ணு. எத்தன நாளைக்கு ஒத்தையில கெடப்பே?" என்றான். ஜோதிமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றாள். அதை மட்டும் விஜய்குமாரிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. மாஸ்க்கைக் கழற்றாமல், குனிந்த தலை நிமிராமல் நட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

பேசாமல் நட்ட அந்தத் தட்டில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. இழையைச் சுற்றி, இழையின் மேலே, ஓரம் வரைக்கும். சொல்லாததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் தட்டுகளை வளர வைக்கும் இன்குபேட்டர் கதவைத் திறக்கவே பயந்தாள். வாய் மூடி நட்டாலும் புள்ளி வந்தது, தட்டுக்குத் தட்டு கூடிக்கொண்டே வந்தது. கேட்காமலே பதில் சொல்கிறவனிடம் என்ன பேசுவது? அண்ணன் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் விகே-பத்தொன்பதைக் கேட்டு எழுதினார்கள். அந்த மலையிலிருந்து அந்த ஜாதியை வேறு யாரும் எடுத்ததில்லை. ஜகதீசன் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜோதி, இதை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"ஏன்மா?"

அவள் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இங்க நோடி, ஹூட் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் என் டேபிள். நீங்க மாஸ்க்கை எறக்கறது எனக்குத் தெரியும். மனசு கேக்கலை, விட்டுட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு. ஆனா ஈகா, இனிமே விட முடியாது. ஃப்ரிட்ஜ்ல சேமிச்சு வெச்சிருக்கற டியூபும் இதுலேர்ந்து போட்டதுதான், அதுலயும் புள்ளி. சுத்தமா ஒரு தட்டு வரலைன்னா பத்தொம்பதை மொத்தமா ஆட்டோகிளேவ்ல போடணும். அஷ்டே, வேற வழியில்லை."

அவரே மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிச் சில்லைத் தயார் செய்து வைத்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். ஜோதிமணி குனிந்து கண்ணை வைத்தாள்.

விஜய்குமாரின் இழைகள் இருந்தன. கணுவுக்குக் கணு சின்ன வளையம் போட்டு ஒழுங்காகத்தான் நின்றன. ஆனால் மெலிந்து போயிருந்தன. அவற்றைச் சுற்றிலும் முட்டை வடிவில் கூட்டம் கூட்டமாக வேறு எதுவோ மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டிருந்தது.

"ஈஸ்ட்டுங்களா சார்?"

"ஹௌது, ஈஸ்ட்தான். மனுஷங்க வாய்ல இருக்கற ஜாதி." அவர் தட்டை மூடி மேஜைமேல் வைத்தார். "உங்களோடதும்மா."

வெகுநேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் ஒரு பதிலும் சொல்லியிருக்கவில்லை. அவள் பேசியதுதான் தட்டில் விழுந்து, குட்டி போட்டு, தட்டுக்குத் தட்டு அவளே கொண்டுபோய்ச் சேர்க்க, அவனைச் சூழ்ந்து நெருக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோகிளேவ் வேண்டியதே இல்லை. இன்னும் கொஞ்ச காலம் பேசியிருந்தால் அவளே அவனை முடித்திருப்பாள்.

அன்று மத்தியானமே ஹூட் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் கட்டியிருந்தாள். ஈஸ்ட் எட்டாத இடத்துக்கு ஓடியிருந்த ஒரே ஒரு இழைநுனியைத் தேடி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக வெட்டினாள். கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நாக்கு துடித்தது. மன்னிச்சுருங்க என்று சொன்னால் போதும். அண்ணன் சொன்னதையும் சொல்லிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டாள். நட்டு மூடினாள்.

அதில் புள்ளி வந்தது. இன்னொன்று நட்டாள், அதிலும் வந்தது. மறுபடி, மறுபடி நட்டாள். ஒவ்வொரு தடவையும் தொண்டை வரை வந்த பேச்சை விழுங்கினாள். ஆட்டோகிளேவ் நிறைந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில் ஜகதீசன் இன்குபேட்டர் பக்கமிருந்து கூப்பிட்டார். அவர் கையில் ஒரு தட்டு. வெள்ளை இழை நடுவிலிருந்து கிளம்பி நாலா பக்கமும் பரவியிருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"விகே ஓடறான், ஜோதி" என்றார். "சுத்தமா இருக்கான்."

அவர் நகர்ந்துபோன பிறகும் ஜோதிமணி பார்த்துக்கொண்டே நின்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், இனிமேல் அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டை இன்குபேட்டரில் வைத்து, கதவைச் சாத்தி, தாழ் விழுந்ததா என்று தள்ளிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள்.