ஐந்து கோடிப் பேருக்கு ஒரு சுற்றறிக்கை

உலகில் இதுவரை திரண்ட சேனைகளிலேயே பெரியது, ஐந்து கோடி வீரர்களைக் கொண்டது, போருக்குப் புறப்படும் முன் இரண்டு நாள் ஒரு நாலாவது மாடி வீட்டு ஃபிரிட்ஜில், பச்சை மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் தங்கியிருந்தது. ஓய்வுபெற்ற சூப்பரிண்டெண்டின் பால்கனியில் முப்பத்தாறு தொட்டிச் செடிகள். அத்தனையின் வேரையும் வெள்ளைப் புழு தின்றுகொண்டிருந்தது. விஷம் தெளிக்க மனைவி விடவில்லை. அதனால் விதைக் கடைக்காரர் நூற்புழு அனுப்பிவைத்தார். கண்ணுக்குத் தெரியாத இனம். மண்ணுக்குள் அலைந்து வேர்ப்புழுவைத் தேடிப்பிடித்து, உடம்புக்குள் நுழைந்து, உள்ளிருந்தே காலிசெய்துவிடும். பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பது சூப்பரிண்டெண்டுக்கு எந்தக் காலத்திலும் போதுமானதாக இருந்ததில்லை. வாளி முன் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு சுற்றறிக்கை வாசித்தார். முப்பத்தோரு வருட சர்வீஸில் அவருடைய சுற்றறிக்கைக்கு ஒரு பியூன்கூடக் கீழ்ப்படிந்ததில்லை. அதனால் என்ன எழுதுகிறோம் என்று பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ‘உழைக்காமல் ஓரிடத்தில் இருந்து தின்னும் எவரையும், பதவி, வயது, உறவு பாராமல் அப்புறப்படுத்தவும்’ என்று வழக்கமான வரியைச் சேர்த்து முடித்தார். வாளித் தண்ணீர் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. நூற்புழுக்களுக்கு அதற்கு முன் யாரும் உத்தரவு போட்டதில்லை. அவை அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

பத்தே நாளில் வேர்ப்புழுக்கள் செங்கல் நிறமாகிக் குழைந்துபோயின. ரோஜா மூன்று மொட்டு விட்டது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் நாலு பக்க அறிக்கை அனுப்பினார். பதினோராம் நாள் காலை, பால்கனிக் கதவின் அடியிலிருந்து விரல் அகல ஈரக் கோடு ஒன்று கூடத்துக்குள் வந்திருந்தது. செங்கல் நிறம். துடைத்தால் போயிற்று; கையை எடுத்தால் வந்தது. நாளொன்றுக்கு ஒரு சாண் நகர்ந்தது.

நாலு நாள் தங்க வந்து இரண்டரை வருஷமாகச் சோபாவில் இருந்த மைத்துனரை, அதாவது மனைவியின் தம்பியை, அது ஒரு வியாழக்கிழமை மதியம் அடைந்தது. முதலில் பாதம் சிவந்தது. மாலைக்குள் அவர் எடை ஒன்பது கிலோ. மின்விசிறியைக் கூட்டி வைத்தபோது எழும்பிப் போய் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டார். அப்போதும் கையில் ரிமோட் இருந்தது. டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்தார். காலிக் குடத்தின் சத்தம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, மற்றபடி எல்லாம் நார்மல் என்றார். காற்றடிக்காத நேரமாகப் பார்த்து மைத்துனரின் மனைவி வந்து, கையை இறுகப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் கோடு சூப்பரிண்டெண்டின் சாய்வு நாற்காலி பக்கம் திரும்பியது. சாணால் அளந்தார். பத்தொன்பது. அன்றிலிருந்து அவர் காலைத் தரையில் ஊன்றவில்லை. நாற்காலியிலேயே சம்மணமிட்டு, அரை மணிக்கொரு தடவை உள்ளங்காலைக் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கூர்ந்து கேட்டால் கோட்டிலிருந்து மெல்லும் சத்தம் வந்தது. பழைய உத்தரவை ரத்துசெய்து புதிய சுற்றறிக்கை வாசித்தார், உரக்க, இரண்டு தடவை. கோடு அன்றைக்கு ஒன்றரைச் சாண் வந்தது. விதைக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“அது மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது சார். புழுவைத்தான் தேடிப் போகும்.”

“அப்போ ஏன்யா என்னைத் தேடி வருது?”

கடைக்காரர் யோசித்தார். “சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“ரிட்டயர்டு.”

“அதுக்கு முன்னாடி?”

“சூப்பரிண்டெண்ட்.”

“எதுக்கும் காலை மேலயே வச்சுக்குங்க சார்,” என்று போனை வைத்துவிட்டார்.

கோடு நாற்காலிக் காலில் ஏறிய காலை, சூப்பரிண்டெண்டின் கட்டைவிரல் சிவந்தது. அவர் கத்திய கத்தலில் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். அவள் பாதம் பட்ட இடத்தில் கோடு ஒதுங்கி வழிவிட்டு, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது.

“ஏறிடுச்சு! என்னைத் தின்னப்போகுது!”

“எனக்கு மட்டும் வழி விடுது பாருங்க. உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தா அது ஏறத்தான் செய்யும். எந்திரிச்சு அந்தக் குக்கரைத் தேய்ங்க.”

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொல்லி அவர் உடனே செய்த முதல் காரியம் அது. அழுதுகொண்டே தேய்த்தார். கோடு ஒரு சாண் பின்வாங்கியது. கட்டைவிரல் வெளுத்தது.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. தேய்த்தால் பின்வாங்கும், சாய்ந்தால் வரும். காய்ச்சலில் அவர் படுத்தபோது கட்டில்வரை வந்து, நெற்றியில் ஈரத்துணி இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தது. விருந்தாளிகள் அதைத் தாண்டிக் கால்வைக்கப் பழகிக்கொண்டார்கள். யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை.

எட்டாம் வருஷம் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. ‘உழைப்பின் சிகரம்’ என்று தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். முப்பதாவது நிமிடம் மேடைப் படியில் செங்கல் நிற ஈரம் ஏறியது. செயலாளரும் பொருளாளரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். சூப்பரிண்டெண்ட் முகம் வெளிறி எழுந்து, முன்வரிசையிலிருந்து காலிக் காபிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார். என்ன ஒரு எளிமை என்று கூட்டம் கைதட்டியது. அன்று அவர் கழுவியது நாற்பத்திரண்டு கோப்பைகள். அதில் பதினொன்றை மனைவி மறுபடி கழுவ வேண்டியிருந்தது.