பிறந்த வீட்டுக் கோடி

மயிலம்மாளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பந்தலில் கிடத்தியாயிற்று. பிறந்த வீட்டுக் கோடி மட்டும் இன்னும் போடவில்லை. அது போடாமல் பாடை எழக்கூடாது. அவள் தம்பி வீரமலை மருங்காபுரியிலிருந்து கொண்டுவந்த புதுச்சேலையைக் கக்கத்தில் இடுக்கியபடி தெருவிலேயே நின்றான்.

மயிலம்மாளின் கணவர் காசிநாதன் வெளியே வந்தார். "பொழுது ஏறுது. அக்காவுக்குக் கோடியப் போடு."

"போடுறேன் மச்சான். மொதல்ல உங்க மவனுக்கு ஒரு தந்தி அடிங்க. அந்த வேலைய விட்டுட்டுக் கப்பல் ஏறச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. எங்க அக்கா ஆமையத் தேடிக் கடல் தாண்டிப் போச்சு. வருசம் திரும்பல, போய்ச் சேந்துடுச்சு."

"கோழி அடைகாக்கும், பாத்திருக்கோம்" என்றான் பங்காளி ஒருவன். "படிச்ச புள்ள ஆமை முட்டைய அடைகாக்குதாம்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். காசிநாதனின் காது மடல் சுட்டது.

ஒரே மகன் அழகிரியைக் கையோடு அழைத்துவரத்தான் போன வருடம் அவரும் மயிலம்மாளும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். போர்னியோவை ஒட்டிய சிறு தீவு; அங்கேதான் அவனுக்கு வேலை. ஆமைகள் இட்ட முட்டைகளைத் திருடர் கையில் சிக்காமல் எடுத்துவந்து, கம்பிவேலிக்குள் மணலில் மறுபடி புதைத்திருந்தார்கள். இவர்கள் போய் இறங்கிய அன்று மாலை குஞ்சுகள் பொரிந்தன. காசிநாதன் செருப்பைக் கழற்றாமல் தள்ளி நின்றார். மயிலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகன் நீட்டிய கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலையோரம் விட்டாள். ஒவ்வொன்றிடமும், "போயிட்டு வா" என்றாள்.

பிறகு கணவரிடம் வந்து, "அவன் இங்கயே இருக்கட்டுங்க" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அவர் அவளோடு பேசவில்லை.

"அம்மா செத்துப்போனான்னு தந்தி போயிடுச்சு" என்றார் இப்போது. "வேற தந்தி போகாது."

"அப்ப கோடியும் கிடையாது மச்சான்."

"வேண்டாம்."

பந்தலில் இருந்த காளியாயிக் கிழவி குறுக்கிட்டாள். "பூவும் பொட்டுமா போறவ, அய்யா. பொறந்த வீட்டுச் சேல இல்லாமயா அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்?"

"என் மவன் ஆமை முட்டைக்குக் காவல் இருக்கான்னு சொல்லட்டும். அவ நேர்ல பாத்துட்டு, இருக்கட்டும்னு சொன்னா. அவ சொன்ன சொல்ல வித்து அவளுக்கு ஒரு சேல வாங்க மாட்டேன். தூக்குங்கடா."

தூக்கினார்கள்.

ஓயாமாரிச் சுடுகாட்டில், மகன் இல்லாத இடத்தில் கொள்ளியை அவரே ஏந்தினார். பின்னாலேயே வந்திருந்த வீரமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து சேலையை உதறி விரித்தான்.

"மச்சான்."

காசிநாதன் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து கொள்ளி வைத்தார்.

காவிரியில் முழுகி அவர் கரையேறியபோது காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. விரித்த சேலையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாமல் வீரமலை அள்ளி அள்ளிப் பிடித்தான். மறுமுனை மணலில் புரண்டது. அதை எடுத்துக் கொடுக்க யாரும் குனியவில்லை.